அனாமத்துக் கணக்கில் ஒரு விசை

1849-ஆம் வருடம் மார்ச் மாதம். லண்டனில் மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒரு யோசனையை எழுதி வைக்கிறார். நகரும் காந்தம் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-இல் காட்டியவர் அவர். காந்தத்தால் ஒளியின் தன்மையை மாற்ற முடியும் என்று 1845-இல் காட்டியவரும் அவரே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று நினைத்தவை எல்லாம் உறவாகிவிட்டன. அப்படியானால் ஈர்ப்பு விசைக்கும் மின்சாரத்துக்கும் ஏதோ உறவு இருந்தாக வேண்டும், அதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்பதுதான் அந்த யோசனை.

சோதித்தும் பார்த்தார். ஒரு கம்பிச் சுருளை உயரத்திலிருந்து விழவிட்டு, விழும்போது அதில் மின்னோட்டம் தோன்றுகிறதா என்று கவனித்தார். ஒன்றும் தோன்றவில்லை. முடிவு பூஜ்யம்தான், ஆனாலும் உறவு இருக்கிறது என்ற தன் நம்பிக்கை குறையவில்லை என்று எழுதி, அதை 1851-இல் வெளியிட்டார். 1859-இல் மறுபடியும் முயன்றார். இந்தத் தடவை லண்டன் வாட்டர்லூ பாலத்துக்குப் பக்கத்தில் ஈயக் குண்டுகள் வார்க்கும் ஓர் உயரமான கோபுரம். கனமான ஈயக்கட்டிகளை மேலே ஏற்றியும் கீழே இறக்கியும் அவற்றில் மின்னூட்டம் உண்டாகிறதா என்று பார்த்தார். மறுபடியும் பூஜ்யம். அந்தக் கட்டுரையை வெளியிட வேண்டாம் என்று ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஆலோசனை சொல்ல, ஃபாரடே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அதைக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறார்கள். இயற்கையில் அடிப்படை விசைகள் நான்கு: ஈர்ப்பு, மின்காந்தம், வலிய அணுக்கரு விசை, மெலிய அணுக்கரு விசை. இவற்றில் ஈர்ப்பைத் தவிர்த்த மூன்றும் மிக மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே விசையாகிவிடும் போலத் தெரிகிறது. அந்த இடத்தில் நான்காவதான ஈர்ப்பு என்ன செய்யும்? உதவுமா, கெடுக்குமா, இல்லை ஓரமாக நின்று வேடிக்கை பார்க்குமா?

கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இருப்பாய்வில் பற்றும் வரவும் சமமாக வரவில்லை என்றால், அந்த வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பிழை எங்கே என்று பிறகு தேடுவார்கள். கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை முடித்துவிடுவார்கள். இயற்பியலில் ஈர்ப்பு விசை பல பத்தாண்டுகளாக அப்படி ஓர் அனாமத்துக் கணக்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் சின்னது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம்தான் மொத்தக் கணக்கின் முடிவையே மாற்றக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

இதுவரை ஒன்றானவை

ஒன்றிப்பு என்பது புதுப் பேச்சு இல்லை. பழம் தரையில் விழுவதும் நிலா பூமியைச் சுற்றுவதும் ஒரே காரணத்தால்தான் என்று 1687-இல் நியூட்டன் காட்டினார். வானத்துக்கு ஒரு விதி, பூமிக்கு ஒரு விதி என்ற பழைய எண்ணம் அத்தோடு முடிந்தது. 1865-இல் மேக்ஸ்வெல் மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே சமன்பாட்டுத் தொகுப்புக்குள் கொண்டுவந்தார். அதிலிருந்து ஒளியும் ஒரு மின்காந்த அலைதான் என்பது இலவச இணைப்பாகக் கிடைத்தது!

அடுத்த பெரிய வெற்றி இருபதாம் நூற்றாண்டில். மின்காந்த விசையும் மெலிய அணுக்கரு விசையும் உண்மையில் ஒரே விசையின் இரண்டு முகங்கள் என்று கிளாஷோ, வைன்பெர்க், அப்துஸ் சலாம் மூவரும் காட்டினார்கள். 1979-இல் நோபல் பரிசு. அந்தக் கொள்கை எதிர்பார்த்த டபிள்யூ, இசட் துகள்கள் 1983-இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் பிடிபட்டன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஒன்றிப்பும் முன்பு தெரியாத ஒன்றைச் சொன்னது, அதைச் சோதிக்க முடிந்தது, சோதனையில் தேறியது. வெறும் அழகுக்காக யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஈர்ப்பைச் சேர்ப்பதில் உள்ள சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

மாறிலி என்ற பெயரில் மாறும் எண்கள்

ஒவ்வொரு விசைக்கும் அதன் வலிமையைச் சொல்லும் ஓர் எண் உண்டு. பிணைப்பு மாறிலி என்பார்கள். மின்காந்த விசைக்கு அந்த எண் ஏறக்குறைய 137-இல் ஒரு பங்கு. பெயர்தான் மாறிலி, ஆனால் அது மாறும். 1980-இல் ஒரு ரூபாய்க்கு இருந்த மதிப்பு இப்போது இல்லை. எந்த வருடத்து ரூபாய் என்று சொல்லாமல் மதிப்பைப் பேச முடியாது. அதுபோல எந்த ஆற்றலில் அளந்தது என்று சொல்லாமல் விசையின் வலிமையைப் பேச முடியாது.

காரணம், வெற்றிடம் என்பது வெறுமையாக இல்லை. ஓர் எலக்ட்ரானைச் சுற்றிக் குவாண்டம் விதிகளின்படி துகள்-எதிர்த்துகள் ஜோடிகள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கின்றன. அவை ஒரு திரைபோல எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் மறைக்கின்றன. ஆற்றலைக் கூட்டினால் திரையைத் தாண்டி உள்ளே நெருங்கிப் பார்க்கலாம். அப்போது மின்னூட்டம் கூடுதலாகத் தெரியும். சாதாரண நிலையில் 137-இல் ஒரு பங்காக இருக்கும் எண், 91 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 128-இல் ஒரு பங்காகிறது. இது ஊகம் இல்லை, அளந்து பார்த்தது.

வலிய விசை இதற்கு நேர்மாறு. ஆற்றல் கூடக்கூட அது தளர்கிறது. 1.8 கிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் 0.33 என்று இருக்கும் எண், 91-இல் 0.118 ஆகக் குறைந்துவிடுகிறது. இந்தத் தளர்வை 1973-இல் கணக்கிட்டுக் காட்டியவர்கள் கிராஸ், வில்செக், பொலிட்சர். 2004-இல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது.

ஒன்று ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது. அப்படியானால் எங்கேயாவது சந்திக்குமா? 1974-இல் ஜார்ஜை, குவின், வைன்பெர்க் மூவரும் இந்தக் கோடுகளை நீட்டிப் பார்த்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தை நோக்கிப் போகின்றன! இதுதான் மகா ஒன்றிப்பு என்ற பெரிய கனவுக்கு ஆதாரம்.

ஆனால் "ஏறக்குறைய" என்ற சொல் ஒரு கணக்காளரைத் திருப்திப்படுத்தாது. 1991-இல் செர்னின் புதிய துல்லிய அளவுகளை வைத்து அமால்டி, டி போயர், ஃபூர்ஸ்டெனாவ் மறுபடி நீட்டிப் பார்த்தபோது கோடுகள் ஒரு புள்ளியில் சந்திக்கவில்லை. 1-க்குப் பின்னால் 13 சைபர் போட்ட ஆற்றலிலிருந்து 17 சைபர் போட்ட ஆற்றல் வரை பரந்து ஒரு முக்கோணத்தை உண்டாக்கிவிட்டு விலகிப் போயின. தெரிந்த ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கனமான கூட்டாளித் துகள் உண்டு என்று வைத்துக்கொண்டால் மட்டும் (மிகைச் சமச்சீர்மை என்று பெயர்) கோடுகள் அழகாக ஒரே புள்ளியில் கூடின. அந்தப் புள்ளி சுமார் 2-க்குப் பின் 16 சைபர் போட்ட கிகா எலக்ட்ரான் வோல்ட்.

அந்தக் கூட்டாளித் துகள்களை உலகமே எதிர்பார்த்தது. 2010 முதல் எல்.எச்.சி. நடத்திய மோதல்களில் ஒன்றுகூட சிக்கவில்லை. ஆக, கணக்கு இன்னும் இடிக்கிறது. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சந்தேகப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டிய பெயர், யாரும் கணக்கில் சேர்க்காமல் விட்ட ஈர்ப்பு.

இவ்வளவு பலவீனமானது எப்படிக் கெடுக்கும்?

நியாயமான கேள்விதான். இரண்டு புரோட்டான்களுக்கு இடையே உள்ள மின் விலக்கு விசை, அவற்றுக்கு இடையே உள்ள ஈர்ப்பைப் போல 1-க்குப் பின் 36 சைபர் மடங்கு பெரியது. இந்த வித்தியாசத்தில் ஈர்ப்பை விட்டுவிட்டால் யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் ஈர்ப்புக்கு ஒரு குணம் உண்டு. மற்ற மூன்றின் எண்களும் ஆற்றல் ஏறும்போது ஆமை வேகத்தில் மாறுகின்றன. ஈர்ப்பு அப்படி இல்லை. பொதுச் சார்பியலின்படி ஈர்ப்பு பிடிப்பது ஆற்றலைத்தான். அதனால் ஆற்றல் 100 மடங்கு கூடினால் ஈர்ப்பின் வலிமை 10,000 மடங்கு கூடும். தனிவட்டி போடுபவர்களுக்கு நடுவே வர்க்கக் கணக்கில் வளரும் ஒருவன் நுழைந்த மாதிரி. ஆரம்பத்தில் அவன் இருப்பதே தெரியாது. கடைசியில் எல்லோரையும் எட்டிப் பிடித்துவிடுவான்.

எட்டிப் பிடிக்கும் இடத்துக்கு பிளாங்க் ஆற்றல் என்று பெயர். 1899-இலேயே மாக்ஸ் பிளாங்க் இயற்கையின் மாறிலிகளை மட்டும் வைத்து இந்த அளவுகளை உருவாக்கியிருந்தார். 1.2-ஐ 1-க்குப் பின் 19 சைபர் போட்ட எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் கிகா எலக்ட்ரான் வோல்ட். நிறையாகச் சொன்னால் சுமார் 0.02 மில்லிகிராம். கேட்டால் சிரிப்பு வரும், ஒரு தூசு அளவு! ஆனால் அவ்வளவையும் ஒரே ஒரு துகளின் மேல் ஏற்ற வேண்டும். எல்.எச்.சி. தொட்ட உச்சம் 13,600 கிகா எலக்ட்ரான் வோல்ட். பிளாங்க் ஆற்றல் அதைப் போல ஏறக்குறைய 9 கோடி கோடி மடங்கு.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று விசைகள் சந்திக்கும் இடம் 16 சைபர். ஈர்ப்பு முழு பலத்தோடு வந்து சேரும் இடம் 19 சைபர். இத்தனை நீண்ட பாதையில் இரண்டும் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது தற்செயலா? பலருக்கு அப்படித் தோன்றவில்லை. ஈர்ப்பின் நிழல் சந்திப்புப் புள்ளி மேல் விழத்தான் செய்யும்.

எவ்வளவு நிழல்? 1984-இல் ஹில் என்பவரும், தனியாக ஷாஃபி, வெட்டெரிக் இருவரும் இதைக் கணக்கிட்டார்கள். பிளாங்க் ஆற்றலில் நடப்பது கீழே உள்ள சமன்பாடுகளில் சின்னத் திருத்தமாகக் கசியும். சந்திப்பு ஆற்றலைக் கணக்கில் உபயோகிக்கும் பிளாங்க் அளவால் வகுத்தால் சுமார் 1 சதவீதம் வருகிறது. திருத்தமும் அந்த அளவில் இருக்கலாம். ஒரு சதவீதம்தானே என்று விடுவதற்கில்லை. மூன்று கோடுகள் சந்திக்கின்றனவா என்று பார்ப்பதே சில சதவீத விஷயம்தான்! 2008-இல் கால்மெட், ஹ்சூ, ரீப் மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். மகா ஒன்றிப்புக் கொள்கைகளில் துகள்களின் எண்ணிக்கை மிக அதிகம். அத்தனை துகள்களும் சேர்ந்து ஈர்ப்பு பலமாகும் ஆற்றலையே கீழே இறக்கிவிடும். அதனால் திருத்தம் இன்னும் பெரிதாகலாம் என்று காட்டினார்கள்.

இதன் அர்த்தம் கொஞ்சம் சங்கடமானது. கோடுகள் சந்திப்பது போலத் தெரிந்தால், அது உண்மையான சந்திப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சந்திக்காதது போலத் தெரிந்தாலும், ஒன்றிப்பு பொய் என்று சொல்லிவிட முடியாது. முப்பது ஆண்டுகளாக எத்தனையோ புத்தகங்களில் அச்சாகிவரும் அந்த அழகான படம், ஈர்ப்பைச் சேர்க்காத ஒரு தற்காலிக இருப்பாய்வு மட்டுமே.

ஒரே சரக்கு, இரண்டு லாபம்

ஈர்ப்பை நேரடியாகவே கணக்கில் சேர்த்தால் என்ன? 2006-இல் ஷான் ராபின்சனும், மேலே சொன்ன அதே ஃபிராங்க் வில்செக்கும் அதைச் செய்தார்கள். வந்த விடை எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஈர்ப்பைச் சேர்த்தால் மூன்று விசைகளுமே மிக உயர்ந்த ஆற்றலில் தளர்ந்து பூஜ்யத்தை நோக்கிப் போகின்றன. ஏறிக்கொண்டிருந்த மின்காந்தம்கூடக் கடைசியில் குப்புற விழுகிறது. ஒன்றிப்பு நடக்கும் விதமே மாறிவிடும்.

அடுத்த வருடமே சிக்கல் வந்தது. பியெட்ரிகோவ்ஸ்கி என்ற இயற்பியலாளர் அதே கணக்கை வேறு ஒரு வழிமுறையில் செய்தார். ஈர்ப்பின் பங்கு பூஜ்யம் என்று வந்தது. 2008-இல் எபெர்ட், பிளெஃப்கா, ரோடிகாஸ்ட் மூவரும் இன்னொரு முறையில் கணக்கிட்டு அதே பூஜ்யத்துக்கு வந்தார்கள். 2010-இல் டேவிட் டாம்ஸ், வழிமுறையைச் சாராத விதத்தில் கணக்கிட்டால் ஈர்ப்பின் பங்கு இருக்கத்தான் செய்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். 2011-இல் டோனஹியூவும் அவருடைய கூட்டாளிகளும், இப்படி வரையறுக்கும் ஓடும் எண்ணுக்கே பொதுவான அர்த்தம் கிடையாது, ஒரு மோதலுக்குப் பொருந்துவது இன்னொரு மோதலுக்குப் பொருந்தாது என்று வாதிட்டார்கள்.

வணிகவியல் பின்னணி உள்ளவர்களுக்கு இது பழகிய தலைவலிதான். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே விற்பனை. கையிருப்பில் முதலில் வாங்கியது முதலில் போனதாக எழுதினால் ஒரு லாபம் வரும்; சராசரி விலை போட்டால் இன்னொரு லாபம் வரும். கடையில் எதுவும் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. இப்படிப்பட்ட நேரத்தில் விவரமானவர் லாபத்தை விட்டுவிட்டுக் கல்லாவில் எவ்வளவு காசு இருக்கிறது என்று கேட்பார். அது எந்த முறையிலும் மாறாது. இயற்பியலில் கல்லாக் காசு என்பது சோதனையில் உண்மையிலேயே அளக்கக்கூடிய அளவு: இரண்டு துகள்கள் மோதினால் எந்தத் திசையில் எத்தனை சிதறும் என்பது போன்றவை. ஈர்ப்பின் பங்கை அப்படி ஓர் அளவாகச் சொல்லாத வரை, "விசை தளர்கிறது", "தளரவில்லை" என்று சண்டை போடுவது இரண்டு கணக்குப்பிள்ளைகள் லாபத்துக்காகச் சண்டை போடுவது மாதிரிதான்.

இந்தச் சர்ச்சையில் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் தங்கள் கணக்கைச் சரியாகவே போட்டார்கள். கேள்வியைச் சரியாகக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிய வந்ததுதான் அந்த ஐந்து ஆண்டுகளின் லாபம்.

ஒரு எண் பலித்த கதை

எல்லாமே இப்படி அந்தரத்தில் தொங்குகிறதா என்றால், ஓர் ஆச்சரியமான விதிவிலக்கு இருக்கிறது. மிக உயர்ந்த ஆற்றலில் ஈர்ப்பு கட்டுக்கடங்காமல் போகாமல் ஒரு நிலையான மதிப்பில் போய் அமரக்கூடும் என்று 1970-களில் வைன்பெர்க் ஒரு யோசனை சொன்னார். அதை நம்பி, 2009 டிசம்பரில் ஷபோஷ்னிகோவ், வெட்டெரிக் இருவரும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஈர்ப்பு அப்படி நடந்துகொண்டால், நடுவில் வேறு புதிய துகள் எதுவும் இல்லாமல் இருந்தால், ஹிக்ஸ் துகளின் நிறை சில அலகுகள் கூடக்குறைய 126 கிகா எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும்.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டதாக செர்ன் அறிவித்தது. நிறை சுமார் 125!

இதை வைத்து ஈர்ப்பின் மர்மம் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் கணக்கில் அனுமானங்கள் உண்டு. டாப் குவார்க்கின் நிறை கொஞ்சம் மாறினால்கூட விடை நகர்ந்துவிடும். வேறு வழியிலும் அதே எண் வரலாம். ஆனாலும் துகள் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே எண்ணைச் சொன்னார்கள் என்பதற்கு மதிப்பு உண்டு. ஈர்ப்பு எங்கோ எட்டாத உயரத்தில் இருந்தாலும் அதன் கை கீழே நீளக்கூடும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

ஐந்தாவது பரிமாணம்

வேறு ஒரு வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1919-இல் தியோடர் கலுசா என்ற கணித ஆசிரியர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளை நான்குக்குப் பதிலாக ஐந்து பரிமாணங்களில் எழுதினால், மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் உள்ளிருந்து தானாக வெளியே வருகின்றன. கட்டுரை 1921-இல் வெளியானது. அந்த ஐந்தாவது பரிமாணம் மிகச் சின்னதாகச் சுருண்டிருப்பதால் கண்ணில் படவில்லை என்று 1926-இல் ஆஸ்கர் கிளைன் விளக்கினார். ஃபாரடே தேடிய உறவு இங்கே காகிதத்தில் தென்பட்டது எனலாம். ஐன்ஸ்டைன் தன் வாழ்நாளின் கடைசி முப்பது ஆண்டுகளை இப்படிப்பட்ட ஒன்றிப்புக்காகவே செலவிட்டார். கிடைக்கவில்லை.

1998-இல் அர்கானி-ஹமெட், திமோபோலஸ், துவாலி மூவரும் இந்த யோசனைக்குப் புது உயிர் கொடுத்தார்கள். கூடுதல் பரிமாணங்கள் கொஞ்சம் பெரிதாக, ஒரு மில்லிமீட்டர் வரைகூட இருக்கலாம். ஈர்ப்பு மட்டும் அவற்றுக்குள் பரவி நீர்த்துப் போவதால்தான் அது பலவீனமாகத் தெரிகிறது என்றார்கள். அப்படியானால் ஈர்ப்பு பலமாகும் இடம் எங்கோ 19 சைபரில் இல்லை, எட்டிவிடும் தூரத்திலேயே இருக்கும்! அதே வருடம் டீன்ஸ், டுடாஸ், கெர்கெட்டா மூவரும், மற்ற மூன்று விசைகளும் கூடுதல் பரிமாணத்தை உணர்ந்தால் அவற்றின் எண்கள் வேகமாக ஓடி, சந்திப்புப் புள்ளியே கீழே இறங்கிவிடும் என்று காட்டினார்கள்.

இதைச் சோதிக்க முடியும் என்பதுதான் இதன் பெரிய பலம். நெருக்கமான தூரத்தில் நியூட்டனின் விதி தவறினால் பிடித்துவிடலாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு முறுக்குத் தராசை வைத்து 2020-இல் 52 மைக்ரோமீட்டர் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு நெருங்கிப் பார்த்தது. நியூட்டன் அங்கேயும் சரியாகவே இருந்தார். எல்.எச்.சி.யிலும் அப்படி எதுவும் தென்படவில்லை. கதவு முழுதாக மூடவில்லை, ஆனால் இடுக்கு சின்னதாகிக்கொண்டே வருகிறது.

கோலார் சுரங்கத்தில் ஒரு காத்திருப்பு

விசைகள் உண்மையிலேயே ஒன்றாகுமானால் அதற்கு ஒரு விலை உண்டு. புரோட்டான் என்றென்றைக்கும் நிலைத்திருக்க முடியாது, என்றாவது ஒருநாள் சிதைய வேண்டும். மகா ஒன்றிப்பு சொல்வது இது. ஈர்ப்பும் இதையே செய்யலாம் என்பது பலர் எதிர்பார்ப்பது. கருந்துளைக்குள் விழுந்த புரோட்டான் கணக்கு எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை, அதனால் ஈர்ப்பு புரோட்டான் எண்ணிக்கையைக் காப்பாற்றும் என்று நம்ப வழியில்லை.

இதை உலகில் முதலில் தேடிப் பார்த்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். தங்கம் தோண்ட இறங்கிய அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தொழிலாளர்கள். காஸ்மிக் கதிர்களின் தொந்தரவு இல்லாத ஆழம் வேண்டும் என்பதால் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானிய விஞ்ஞானிகளும் 1980-இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்றை நிறுத்திக் காத்திருந்தார்கள். சிதைவு போலத் தெரிந்த சில நிகழ்வுகளை அறிவிக்கவும் செய்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய கருவிகளில் அது உறுதிப்படவில்லை. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது.

ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் தண்ணீரை வைத்துக்கொண்டு 1996 முதல் பார்த்ததிலும் ஒரு புரோட்டான் சிதைந்ததாக உறுதியான சாட்சி இல்லை. பிரதானமான சிதைவு வழிக்குப் புரோட்டானின் ஆயுள் குறைந்தது 2.4-க்குப் பின் 34 சைபர் மடங்கு வருடம் என்பது 2020-இல் அவர்கள் சொன்ன எல்லை. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருடம்தான்! 1974-இல் ஜார்ஜை, கிளாஷோ முன்வைத்த எளிமையான ஒன்றிப்புக் கொள்கை இந்தத் தேடலில் எப்போதோ அடிபட்டுப் போய்விட்டது. அடுத்த கட்டமாக ஹைப்பர் காமியோகாண்டேயின் கட்டுமானம் 2020-இல் தொடங்கியது.

மேசை மேல் ஒரு சோதனை

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னும் எளிய ஒரு கேள்வி இருக்கிறது. ஈர்ப்பு குவாண்டம் விதிகளுக்குக் கட்டுப்படுகிறதா? மற்ற மூன்றும் கட்டுப்படுகின்றன, ஆகவே இதுவும் கட்டுப்படும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இன்று வரை ஒரு சோதனையும் அதை நேரடியாகக் காட்டியதில்லை. கட்டுப்படவில்லை என்றால், மேலே சொன்ன கோடுகள், திருத்தங்கள், சந்திப்புகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

2017-இல் போஸும் அவருடைய குழுவினரும், தனியாக மார்லெட்டோ, வெட்ரல் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். மிகச் சின்ன இரண்டு பொருட்களை, ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் குவாண்டம் நிலையில் வைக்க வேண்டும். அவற்றுக்கு இடையே ஈர்ப்பைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. அந்த நிலையிலும் அவை குவாண்டம் முறையில் பின்னிக்கொண்டால், ஈர்ப்பும் குவாண்டம் குணம் உடையதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம். இதற்கு ராட்சத மோதுகருவி தேவையில்லை. ஆனால் கையாள வேண்டிய நுணுக்கம் பயங்கரமானது. 2021-இல் வியன்னாவில் ஒரு குழு, 2 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 90 மில்லிகிராம் எடையும் உள்ள தங்கக் குண்டு ஒன்றின் ஈர்ப்பை அளந்தது. அதுவே பெரிய சாதனை. 2017-இல் சொன்ன சோதனைக்குத் தேவைப்படும் பொருளோ இதைவிட நூறு கோடி மடங்குக்கும் மேல் எடை குறைந்தது. இன்னும் பாதை நீளம்தான்.

எவ்வளவு செலவு, என்ன பலன் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். மேக்ஸ்வெல் காலத்திலும் மின்சாரத்தையும் காந்தத்தையும் சேர்ப்பதால் என்ன பலன் என்று யாராலும் பட்டியல் போட்டிருக்க முடியாது. ஆனால் அந்தப் பதிலை வைத்தே எல்லாவற்றையும் நியாயப்படுத்தவும் கூடாது. முந்தைய ஒன்றிப்புகள் சோதனையில் தேறின. ஈர்ப்பைச் சேர்த்த ஒன்றிப்பு இன்னும் ஒரு பரீட்சையும் எழுதவில்லை. இடையில் நம்பிக்கையை விஞ்ஞானம் என்று சொல்லி விற்கும் ஆபத்தும் இருக்கிறது.

அந்த வகையில் கோபுரத்தில் ஈயக்கட்டிகளை ஏற்றி இறக்கிய ஃபாரடேயிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. உறவு இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். ஆனால் மின்னூட்டம் பூஜ்யம் என்று வந்தபோது பூஜ்யம் என்றுதான் எழுதினார். அனாமத்துக் கணக்கை முடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிழையைக் கண்டுபிடித்து முடிப்பது ஒன்று. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஏதோ ஒரு கணக்கில் தள்ளி முடிப்பது இன்னொன்று. ஈர்ப்பின் கணக்கு இன்னும் திறந்தே இருப்பதற்கு, இரண்டாவது வழியில் அதை முடிக்கப் பலர் சம்மதிக்காததும் ஒரு காரணம்.